மீன்கண்

அப்பாவின் காரில் பளபளத்த இடம் ஒன்றுதான்: டேஷ்போர்டு. வெளிப்பக்கத்தை வெயிலும் வயல்வழிப் புழுதியும் எடுத்துக்கொண்டு வெகுகாலமாகிவிட்டது. 1996இல் வாங்கிய மாருதி 800. வெள்ளிக்கிழமை குளித்து விபூதி இட்டுக்கொண்டதும், கிழிந்த பனியன் துணியில் இரண்டு சொட்டு விட்டு டேஷ்போர்டையும் கதவுப் பிடிகளையும் துடைப்பார். ஆரம்பத்தில் தேங்காய் எண்ணெய். பிறகு பெட்ரோல் பங்க்கில் யாரோ விற்ற பாலிஷ். பால் போல வெள்ளையாக, எலுமிச்சை வாசனையோடு இருக்கும். கால் நூற்றாண்டாக ஒரு வெள்ளிகூடத் தப்பியதில்லை என்றால் மிகை. ஆனால் கொஞ்சம்தான் மிகை.

ஆனி மாதம் அவர் போனார். கார் கும்பகோணத்தில் இருக்கும் அக்கா மகனுக்கு என்று முடிவாயிற்று. அவன் கேட்டது ஒன்றுதான். "உள்ள இருக்கற பிளாஸ்டிக்க மட்டும் கறுப்பாக்கிக் குடுங்க மாமா." என்னிடம் கேட்டதற்குக் காரணம் குடும்பத்தில் உலவும் ஒரு கதை. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த 1984-85இல் கீழவாசல் பக்கம் ஒரு டிங்கரிங், பெயிண்டிங் பட்டறையில் எடுபிடியாக இருந்தேன். கையில் ஸ்ப்ரே கன் கிடைத்தது மொத்தம் ஏழெட்டு தடவை இருக்கலாம். அந்த ஏழெட்டு இத்தனை வருஷத்தில் வளர்ந்து நான் ஒரு பெயிண்டராகவே ஆகியிருந்தேன். நானும் மறுத்ததில்லை.

மெக்கானிக் ஒருவரை வைத்து எல்லாவற்றையும் கழற்றினேன். டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரைப் பெயர்த்தபோது அடியில் அவர் அளவுக்கு அசல் சாம்பல் நிறம் இருந்தது. சுற்றிலும் பிளாஸ்டிக் வெளுத்திருந்தது. பாலிஷ் மினுமினுப்பைத் தந்ததே தவிர வெயிலைத் தடுக்கவில்லை.

பிளாஸ்டிக் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது ஒரு பொருள் அல்ல. ஒரு வாளித் தண்ணீரில் சின்னத் துண்டைப் போட்டால் பாலிபுரொப்பிலின் மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். மிதப்பதன்மேல் பெயிண்ட் ஒட்டாது. அதன் மேற்பரப்பு எதையும் தன்மேல் படரவிடாத சுபாவம் கொண்டது. குளோரின் ஏற்றிய ஒரு பாலிமரைக் கரைசலாக முதலில் மெல்லிசாக அடித்தால்தான் இரண்டையும் அது கோத்துப் பிடிக்கும். மூழ்குவதில் பெயிண்ட் சுலபமாக ஒட்டும்; ஆனால் காட்டமான தின்னர் பட்டால் இளகி, உலர்ந்ததும் தலைமுடி போலக் கீறல் விடும். இதெல்லாம் தெரிந்திருந்தது. திருச்சியிலிருந்து வேண்டியதை வரவழைத்தேன். கம்ப்ரசர் வாடகைக்கு. கொல்லையில் கொட்டகை. 400 நம்பர் வாட்டர் பேப்பரால் ஒரு நாள் முழுக்கத் தேய்த்தேன். பிறகு சோப்பு போட்டுக் கழுவி, காயவைத்து, அடித்தேன்.

முதல் கை விழுந்து அரை நிமிஷம் இருக்கும். கறுப்பில் சின்னச் சின்னக் குழிகள் திறந்துகொண்டன. ஒவ்வொன்றும் வட்டம், நடுவில் பழைய சாம்பல், சுற்றிலும் கரை கட்டிய கறுப்பு. வரிசையாக நூறு கண்கள் என்னைப் பார்த்தன. தொழிலில் இதற்கு மீன்கண் என்று பெயர்.

செய்யக்கூடாததைச் செய்தேன். மூடிவிடலாம் என்று இன்னும் கனமாக அடித்தேன். குழி அப்படியே இருந்தது. கரைகள் மட்டும் வழிந்தன. ஆத்திரத்தில் தின்னர் துணியால் எல்லாவற்றையும் துடைத்தேன். மீட்டர் மேல் வரும் மூடி மூழ்கும் ஜாதி என்பது அந்த நேரம் நினைவில் இல்லை. மறுநாள் அது முழுக்கக் கீறல். பழைய சாமான் கடையில் வேறொன்று தேட வேண்டியதாயிற்று.

அந்தப் பட்டறை இப்போது இல்லை. மேஸ்திரி இருக்கிறார், கரந்தையில் மகன் வீட்டில். எண்பதை நெருங்குகிறார். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பெயிண்ட் வந்த பிறகு, ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு பல வருஷம் அதை அடித்தவர். அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் துண்டுக்கெல்லாம் நிற்பதில்லை. நுரையீரலை ஒரு முறை பழக்கிவிட்டால் பிறகு துளி வாடைக்கும் மூச்சு அடைக்கும். வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கையுறைப் பெட்டி மூடியை நீட்டினேன். வாங்கவில்லை. "அங்கயே புடிங்க தம்பி" என்று தள்ளி நின்றபடியே காட்டச் சொன்னார்.

"ஐயா எதப் போட்டுத் துடைப்பாரு?"

சொன்னேன்.

"அப்ப ஸிலிகான். மொதல்ல கழுவுனீங்களா, தேச்சீங்களா?"

தேய்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. 1984இல் எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான்: கழுவிவிட்டுத் தேய். எண்ணெய் இருக்கும்போது தேய்த்தால் ஒவ்வொரு கீறலுக்குள்ளும் அதைத் திணித்துவிடுகிறோம். அதன் பிறகு கழுவுவது மேலே மட்டும். எண்ணெய் இருக்கும் புள்ளியில் பரவ முடியாமல் பெயிண்ட் பின்வாங்குகிறது. கெமிஸ்ட்ரியில் பரப்பு இழுவிசை என்று பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன்.

இதற்கு ஒரு மருந்து இருக்கிறது. பெயிண்டிலேயே சில சொட்டு கலந்தால் மீன்கண் விழாது. அந்தச் சொட்டும் ஸிலிகான்தான். மேலேயும் கீழேயும் ஒரே எண்ணெய் இருந்தால் விலகுவதற்குக் காரணமில்லை. "ஆனா அது ஒரு தடவ பட்டறைக்குள்ள வந்துட்டா அப்புறம் எல்லா வண்டிக்கும் அந்தச் சொட்டு கேக்கும்" என்றார். பேசி முடிப்பதற்குள் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார். நான் சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

சொட்டு வேண்டாம் என்று தீர்மானித்தேன். கிணற்றடியில் உட்கார்ந்து வெந்நீரும் பாத்திர சோப்பும் போட்டுக் கழுவினேன். பிறகு ஐசோபுரொப்பில் ஆல்கஹால். ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, காய்வதற்குள் இன்னொரு துணியில் எடுத்து, இரண்டையும் எறிந்தேன். மறுபடி சோப்பு. மூன்று தடவை. அம்மா பின்கட்டுப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகும் வாய்க்காலில் வெளுப்பாக ஓடியது.

"அவ்வளவு அழுக்காடா இருந்துச்சு?"

"அழுக்கில்லம்மா. பாலிஷ்."

"அதான் பாத்துப் பாத்துத் துடைச்சாரே" என்றாள். நான் என்ன பதில் சொல்வது?

பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டு சொன்னார். பின்னால் தொல்லியல் துறைக்காரர்கள் மேல் அடுக்கை அப்படியே உரித்தெடுத்து ஃபைபர்கிளாஸ் பலகைகளில் பதித்தார்கள். சோழன் சுவரில் இருக்கிறான்; அவன்மேல் படுத்திருந்த நாயக்கன் இப்போது பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கிறான். ஒன்றையும் அழிக்காமல் இரண்டையும் வைத்துக்கொள்ள அங்கே ஒரு துறையே வேலை செய்தது. கிணற்றடியில் எனக்கு அந்த வசதி இல்லை.

இரண்டாவது முறை மீன்கண் இல்லை. ஆனால் அது ஐப்பசி. காலையிலிருந்து தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. புதாறு கரை தளும்பிக்கொண்டிருந்தது. காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். லாக்கரில் தின்னர் வேகமாக ஆவியாகும்போது அந்த இடம் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது. கறுப்பு என் கண்முன்னே சாம்பல் பூத்தது. அப்பா துடைத்துத் துடைத்துக் காப்பாற்றிய அதே நிறம். கொஞ்ச நேரம் பயந்துவிட்டேன் என்று எழுதினால் யாரும் நம்பப்போவதில்லை.

இதற்குப் பரிகாரம் சுலபம். மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலக்க வேண்டும்; அல்லது வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். நாலு நாள் காத்திருந்தேன். பட்டறையிலும் இப்படித்தான், பெயிண்ட் வேலைக்குப் பஞ்சாங்கம் உண்டு. அடைமழையில் பூக்கும். மார்கழி விடியலில் பனி. தையில் மழை இல்லை என்று நிமிர்ந்தால், ரோட்டில் கதிரைப் பரப்பி வண்டிகளை ஏற்றி அடிக்கும் பதரும் தூசும் ஈரப் பெயிண்டில் வந்து உட்காரும். இந்த ஊரில் நெல்லும் பெயிண்டும் ஒரே வெயிலுக்குப் போட்டி போடுகின்றன.

ஐந்தாம் நாள் வெயில் வந்தது. ஒரு சாண் தூரம், மெல்லிய கை, பத்து நிமிஷ இடைவெளி, மறுபடி மெல்லிய கை. மூன்று கை. கனமாக அடித்தால் பிளாஸ்டிக்கின் தோல்வரிகள் நிரம்பி மொழுக்கென்று ஆகிவிடும். எட்ட நின்றால் பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும். டேஷ்போர்டுக்கு மங்கல் கறுப்புதான் அடிக்க வேண்டும். பளபளத்தால் முன்கண்ணாடியில் அதன் நிழல் விழுந்து பாதையை மறைக்கும். மங்கலில் உள்ள கஷ்டம் வேறு. பளபளப்பில் தூசு விழுந்தால் தேய்த்து மெருகேற்றித் தப்பிக்கலாம். மங்கலில் தேய்த்த இடம் மினுங்கிக் காட்டிக்கொடுக்கும். முழுப் பாகத்தையும் முதலிலிருந்து அடிக்க வேண்டியதுதான். கவிதை எழுதும் இரண்டு நண்பர்களிடம் இதைச் சொன்னேன். அவர்கள் ரசிக்கவில்லை.

கதவுப் பிடி ஒன்றில், விரல் மடங்கிப் பிடிக்கும் உட்பக்கத்தில், மூன்று மீன்கண்கள் மறுபடி விழுந்தன. எத்தனை கழுவியும் அந்த இடம் விடவில்லை. ஓட்டுநர் பக்கத்துக் கதவு. விட்டுவிட்டேன். கை வைத்தால் மறைந்துவிடும் இடம்.

கார்த்திகையில் பையன் வந்தான். உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்தான். "புது வண்டி மாதிரி இருக்கு மாமா" என்றான். டேஷ்போர்டை உள்ளங்கையால் தடவினான். அப்பாவும் அப்படித்தான் தடவுவார். கொஞ்சம் ஷைனிங் கம்மியா இருக்கோ என்றும் கேட்டான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கண்ணாடி, நிழல் எல்லாம் விளக்கினேன். தலையாட்டிக்கொண்டான்.

கிளம்பும்போது அம்மா உள்ளே போய் ஏதோ எடுத்துவந்து ஜன்னல் வழியாக அவன் மடியில் வைத்தாள். பிள்ளையார். அவரோடு ஒரு பனியன் துணி, கால் பங்கு மிச்சமிருந்த அந்தப் பாட்டில்.

"வெள்ளிக்கிழமைல தாத்தா துடைப்பாருப்பா" என்றாள்.

"சரி அம்மாச்சி" என்று மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தான்.