ஒவ்வொரு பாட்டிலாக

கொளத்தூரில் கலர் மீன் கடைகளின் வரிசையைத் தாண்டிச் சந்துகளுக்குள் நுழைந்தால், கொல்லையிலும் மொட்டை மாடியிலும் மீன் தொட்டிகளைப் பார்க்கலாம். சென்னையின் வண்ண மீன் தொழிலுக்கு இந்தப் பகுதிதான் மையம். இங்கே இடம் போதாமல், வளர்ப்பு செங்குன்றம், பொன்னேரிப் பக்கமும் பரவியிருக்கிறது. ஃபைட்டர் மட்டுமே வளர்க்கும் ஒரு குடும்பத்தின் பண்ணைக்கு நான் போயிருந்தேன். விற்பனையும் பணமும் வீட்டுக்காரர் பொறுப்பு. மீன்களை வளர்ப்பது அவருடைய மனைவியும் தங்கையும்.

ஃபைட்டர் என்று நாம் சொல்வது பெட்டா பேரினத்தைச் சேர்ந்த மீன். இந்தப் பேரினத்தில் எழுபதுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு, எல்லாமே தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தவை. கடைகளில் விற்பது பெரும்பாலும் பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ் வழி வந்தது. அதன் தாயகம் தாய்லாந்தின் வயல்களும் சதுப்புகளும். 2019இல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. இயற்கையில் வாழும் மீனுக்குக் குட்டைத் துடுப்பு, மங்கிய நிறம். அரைவட்டமாக விரியும் ஹாஃப்மூன் வால், கீற்றுக் கீற்றாகப் பிரியும் கிரவுன்டெயில் எல்லாம் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கியவை. இந்த மீனை மனிதர்கள் வளர்க்கத் தொடங்கிக் குறைந்தது 400 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று 2022இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது.

நான் போன நேரத்தில் ஒரு ஜோடி சேர்ந்துகொண்டிருந்தது. அகலமான பிளாஸ்டிக் டப்பில் அரைச் சாண் தண்ணீர், அதில் ஊறிப் பழுத்த நாட்டு வாதுமை இலை ஒன்று. இலையின் சாறு இறங்கித் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. மேலே மிதந்த தெர்மாகோல் துண்டின் அடியில் ஆண் மீன் வாயாலேயே குமிழி ஊதிக் கூடு கட்டி முடித்திருந்தது. பெண்ணை உடனே விட்டுவிடக் கூடாது. முதலில் ஒரு கண்ணாடி பாட்டிலில் வைத்து ஆணுக்குக் காட்ட வேண்டும். பெண்ணின் உடம்பில் குறுக்குக் கோடு தெரிந்த பிறகுதான் திறந்துவிட வேண்டும்.

“அவசரப்பட்டா வாலைக் கிழிச்சுடும் சார்” என்றார் வீட்டுக்காரரின் மனைவியான அந்த அக்கா, டப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கூட்டின் அடியில் ஆண் தன் உடம்பை வளைத்துப் பெண்ணைச் சுற்றிக்கொண்டது. இரண்டும் அசைவற்றுக் கிடந்த சில நொடிகளில் வெள்ளை முட்டைகள் ரவை உதிர்வதுபோலக் கீழே விழுந்தன. ஆண் முதலில் விடுபட்டுக் கீழே பாய்ந்து, ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கி, மேலே வந்து நுரைக்குள் வைத்தது. இதுவே பல முறை நடந்தது. முடிந்ததும் பெண்ணை எடுத்துவிட்டார்கள், இல்லாவிட்டால் ஆண் அதைத் துரத்தித் துரத்திக் கடிக்கும். ஓரிரு நாளில் குஞ்சு பொரிக்கும். கூட்டிலிருந்து நழுவும் குஞ்சுகளை அப்பன் மீன் திரும்பத் தூக்கி வைக்கும். அவை தாமாக நீந்தத் தொடங்கியதும் அதையும் எடுத்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகு அப்பன் மீனின் வேலை முழுக்க இந்தப் பெண்களுடையது. முதல் சில நாட்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் தீனி. வாழைப்பழத் தோலைத் தண்ணீரில் ஊறவைத்து அவற்றைப் பெருக்குகிறார்கள். அடுத்து ஆர்டீமியா என்ற பொடி இறால், பிறகு புழு. குஞ்சுகளின் தலைக்குள் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உருவாகும் வாரங்களில் டப்பை மூடியே வைக்க வேண்டும். குளிர்ந்த காற்று பட்டால் கொத்தாகச் செத்துவிடும். மார்கழியில் இவர்களுக்குச் சரியான தூக்கமே கிடையாது.

ஏறக்குறைய இரண்டு மாதத்தில் ஆண் மீன்கள் ஒன்றையொன்று கடிக்க ஆரம்பிக்கும். அங்கிருந்துதான் பாட்டில் வேலை. மேல்பகுதி வெட்டிய தண்ணீர் பாட்டில்கள் சுவரோரம் வரிசை வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மீன். நடுவில் அட்டைத் துண்டுகள். அட்டை இல்லாவிட்டால் பக்கத்து மீனைப் பார்த்து நாள் முழுக்க முறைத்துச் சோர்ந்துபோகும். தினமும் கொஞ்ச நேரம் மட்டும் அட்டையை எடுக்கிறார்கள், அந்த நேரத்தில் துடுப்பை விரித்து விரித்து மீன் பயிற்சி செய்துகொள்ளும்.

தங்கை தரையில் குந்தி உட்கார்ந்து தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு பாட்டிலை எடுத்து, வலையில் மீனைப் பிடித்து, கசடைக் கொட்டி, உள்ளே விரலால் தேய்த்து, முந்தின நாளே பிடித்துவைத்த தண்ணீரை ஊற்றி, மீனை விட்டு, அடுத்த பாட்டிலை எடுத்தார். வரிசை முடிவதற்குள் வெயில் ஏறிவிட்டது. விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன, இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். இந்த உழைப்புக்குத் தனிக் கூலி கிடையாது, வீட்டு வேலைக் கணக்கில் போய்விடுகிறது. பெண் மீன்களுக்கும் வால் ஒடிந்தவற்றுக்கும் விலை மிகக் குறைவு. நல்ல ஆண் மீன்தான் மற்ற எல்லாவற்றின் செலவையும் சுமக்கிறது.

காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் ஃபைட்டருக்குச் சின்னக் குடுவையே போதும் என்று பலர் நம்புகிறார்கள். கடையில் கோப்பைக்குள் பார்ப்பதும் அந்த நம்பிக்கையை வளர்க்கிறது. அதைப் பற்றிக் கேட்டேன். “விக்கிற வரைக்கும்தான் பாட்டில். அதுக்கே தினம் தண்ணி மாத்துறோம். வாங்கிட்டுப் போறவங்க யார் மாத்துறாங்க?” என்றார் அக்கா.

அவர் கேட்டது நியாயம். மீன்கள் சண்டை போடாமல் வளர்வதற்காகப் பண்ணையில் செய்யும் தற்காலிக ஏற்பாடு அது. தினமும் ஒரு கை அதைக் கழுவுவதால் மட்டுமே அங்கே மீன் பிழைக்கிறது. அந்தக் கை இல்லாத வீட்டில் அதே பாட்டில் மெதுவாகக் கொல்லும். ஃபைட்டர் வாங்குகிறவர்கள் பதினைந்து இருபது லிட்டராவது கொள்ளும் தொட்டியையும், துள்ளி விழாதபடி ஒரு மூடியையும் முதலில் வாங்கிவைத்துவிட்டு மீனைத் தேடிப் போகட்டும். விலை கேட்கும்போது பத்து ரூபாய்க்குப் பேரம் பேச வேண்டாம். மாதக்கணக்கில் ஒரே மீனுக்காகத் தண்ணீர் மாற்றியவர்களுக்கு நாம் கொடுக்கும் கூலியே அந்தப் பத்து ரூபாயில்தான் இருக்கிறது.