ஒரே நாளில் முடிகிற பருவம்

ஜூலை 9, 2025

இந்த ஆண்டின் முதல் பயிற்சி. கல்லூரி மைதானத்தின் தென்மூலையைக் கொத்திக் கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, 13 மீட்டருக்குப் 10 மீட்டர் கோடு போட்டோம். கபடி விளையாட வந்தவர்களில் பாதிப் பேர் சோழவந்தானைச் சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகள். தென்கரைப் பையன் நல்ல ரைடர். நிற்கிற இடத்திலிருந்தே காலை நீட்டித் தொடுவான். முள்ளிப்பள்ளத்துப் பையன் இடது கார்னர். கணுக்காலை ஆங்கிள் பிடி பிடித்தானென்றால் விடமாட்டான். எந்தப் பயிற்சியாளரும் சொல்லித் தந்ததில்லை, ஊர்த் திடலில் அண்ணன்மாரிடம் அடிபட்டுக் கற்றது. உடற்கல்வி இயக்குநர் என்று எனக்குப் பெயர். பாதி வேலையை ஊரே முடித்து அனுப்புகிறது.

ஆகஸ்ட் 3

ஆடிப் பெருக்கு. பயிற்சிக்கு ஐந்து பேர்தான். சிலர் கோயிலுக்கு, சிலர் வயலுக்கு. கேப்டன் விடியலிலேயே கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போய்விட்டு, கவுளி கட்டிக் கொடுத்த பிறகுதான் கல்லூரிக்கு வருகிறான். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அதைக் கிள்ளுகிற கை சாயங்காலம் எதிரணிக்காரன் தொடையைச் சுற்றி வளைக்கிறது என்பது எனக்குத் தெரியும். இன்று அவனுக்கு ஓட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு முட்டை சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படு என்றேன்.

செப்டம்பர் 12

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, மதுரையில், மேட் விரித்த களத்தில். எங்கள் பிள்ளைகள் வளர்ந்தது மண்ணில். மண்ணில் வெறுங்கால் விரல் ஊன்றிக்கொள்ளும். மேட் மேல் ஷூ போட்டால் திரும்புகிற வேகமே வேறு. முழங்கால்தான் அந்த வித்தியாசத்தைத் தாங்க வேண்டும்.

காலையில் இரண்டு ஆட்டம் வென்றோம். மூன்றாவது, மதியம் இரண்டரைக்கு. கடைசி நிமிடத்தில் 28–28. எங்கள் பக்கம் மூன்று பேர்தான் மிச்சம். அவர்களுக்குப் புள்ளி எடுத்தே ஆக வேண்டிய டூ ஆர் டை ரைடு. பிடித்துவிட்டால் சூப்பர் டேக்கிள், எங்களுக்கு இரண்டு புள்ளி. முள்ளிப்பள்ளத்தான் ஆங்கிளைப் பிடித்தான். கவரில் நின்றவன் வந்து விழ அரை நொடி தாமதம். அந்த ரைடர் இருவரையும் இழுத்துக்கொண்டே பாய்ந்தான். விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டது. 30–28. தனியாக நின்ற தென்கரைப் பையன் பாடப் போனான். மீதி நொடிகளில் அவனால் எடுக்க முடிந்தது ஒரு போனஸ். 30–29.

அவ்வளவுதான். ஜூலையில் தொடங்கிய பருவம் மதியம் மூன்றேகாலுக்கு முடிந்தது. ஒரு புள்ளி.

செப்டம்பர் 14

மனம் ஆறவில்லை. அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபுட்பால் ஆட்டங்களைப் பற்றி இரவில் படித்துக்கொண்டிருந்தேன். நம் கபடியைப் போலவே, ஓடுகிறவனை மறித்துச் சாய்க்கும் ஆட்டம் அது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் கடைசி வரை, ஏறக்குறைய வாரம் ஒன்றாக 12 ஆட்டங்கள். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் 1,07,601 பேர் உட்காரலாம். அந்தப் பணத்துக்கும் கூட்டத்துக்கும் நான் ஆசைப்படவில்லை. ஓர் ஆட்டத்தில் தோற்றவனுக்கு அடுத்த வாரம் இன்னோர் ஆட்டம் இருக்கிறது. அதுதான் என் கண்ணில் பட்டது. தோற்றதைத் திருத்திக்கொள்ள ஆறு நாள், உடம்பு தேற ஆறு நாள். எங்களுக்கோ ஒரே பகலில் மூன்று ஆட்டம். தோற்றால் அடுத்த ஜூலை.

அக்டோபர் 30

கல்லூரியெங்கும் கபடிப் பேச்சு. தீபாவளிக்கு வந்த ‘பைசன்’ படத்தைப் பையன்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்தப் படத்துக்கு வித்தான மணத்தி கணேசனைப் பற்றிக் கேட்கிறார்கள். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர், அர்ஜுனா விருது பெற்றவர் என்று சொன்னேன். பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் கபடியில் தங்கம் வென்று வந்திருக்கிறார்கள். கேட்கக் கேட்கப் பிள்ளைகள் கண்ணில் ஒளி.

பல்கலைக்கழக அணித் தேர்வில் முள்ளிப்பள்ளத்தான் தேறிவிட்டான். பயிற்சி முகாம் உண்டு, சான்றிதழ் உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு மனுப் போடுகிற நாளில் அது கைகொடுக்கலாம். மற்றப் பதினோரு பேருக்கும் இனி ஊர்க் கபடிதான்.

ஜனவரி 18, 2026

பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு முடிந்த கையோடு ஊர் ஊராகக் கபடி. மின்விளக்குக் கட்டி, மைக் செட் வைத்து, கோப்பையும் ரொக்கமும் பரிசு. சுவர் மேல், டிராக்டர் மேல் என்று சனம். தாத்தாக்கள் நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்கார்ந்து பிடியின் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். இந்தக் கபடி இல்லாவிட்டால் எனக்கு ஒரு பையன்கூடக் கிடைக்க மாட்டான். அதைக் குறை சொல்ல எனக்கு நா எழாது.

ஆனால் நேற்று இரவு தென்கரைப் பையன் விழுந்தான். எழுபது கிலோ எடைப் பிரிவு. இவன் எழுபத்துமூன்று. எடை குறைக்க இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. இரவு இரண்டு மணி சுமாருக்கு, அன்றைய மூன்றாவது ஆட்டத்தில், திரும்பும்போது முழங்கால் மட்டும் திரும்பவில்லை. தொட்டவன் யாருமில்லை.

“ஏன்டா போன?” என்றேன்.

“ஊர்ல பேரக் குடுத்துட்டாங்க சார். போகலேன்னா நல்லாருக்காது. செயிச்சா ஆளுக்கு ஆயிரமாச்சும் தேறும்.”

அந்தக் காசுக்காக அவனைத் திட்ட எனக்கு உரிமையில்லை. அமெரிக்காவிலேயே கல்லூரி ஆட்டக்காரன் தன் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க 2021இல்தான் வழிவிட்டார்கள். கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம் என்று வந்தது 2025இல். எங்கள் பையனுக்குக் கல்லூரி தந்தது ஒரு ஜெர்சி, போட்டியன்று பேருந்துக் காசு, சாப்பாடு.

பிப்ரவரி 6

ஸ்கேனில் தென்கரைப் பையனின் முழங்காலில் ஏ.சி.எல். தசைநார் கிழிசல் உறுதியாகிவிட்டது. அறுவை செய்தால் மறுபடி களம் இறங்க ஒன்பது மாதமாவது ஆகும் என்கிறார் டாக்டர். அவன் அம்மா என்னிடம், “இனிமே விளையாட விடாதீங்க சார்” என்றார். பிறகு, “நடந்தாப் போதும்” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 20

வாரம் ஓர் ஆட்டமாகக் கல்லூரிகளுக்குள் ஒரு கபடித் தொடர் நடத்தக் கேட்டு, காமராசர் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைக்குக் கடிதம் எழுதி முடித்தேன். மதுரைக்கு மேற்கே உள்ள கல்லூரிகளில் ஆறு சேர்ந்தால் போதும். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்து அணிகளோடு சொந்த மைதானத்தில் ஒருமுறை, அவர்கள் மைதானத்தில் ஒருமுறை. ஆளுக்குப் பத்து ஆட்டம், பத்துச் சனிக்கிழமை. ஜூலை மூன்றாம் வாரம் தொடங்கினால் செப்டம்பரில் முடிந்துவிடும். டவுன் பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான். நடுவர் படி, முதலுதவிக்கு ஒருவர், ஆட்டம் முடிந்ததும் முட்டையும் வாழைப்பழமும், பெரிய செலவில்லை. கிடைக்கும் நன்கொடையில் ஆட்டக்காரருக்கு ஆளுக்கு ஒரு படி. உடம்பை வதைத்து எடை குறைக்கும் பிரிவு வேண்டாம். பெரியவர்களுக்கு உள்ள 85 கிலோ வரம்பு போதும். ஒருநாளைக்கு ஓர் ஆட்டத்துக்கு மேல் எவனையும் இறக்கக் கூடாது என்பதை மட்டும் அடிக்கோடிட்டிருக்கிறேன்.

இரண்டு கல்லூரி உடற்கல்வி இயக்குநர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மூன்றாமவர், தம் மைதானத்தில் கோடு போடக்கூட இடமில்லை என்றார். அவருடைய சொந்த மைதான ஆட்டங்களையும் எங்கள் மண்ணிலேயே நடத்தித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை அவரைப் பார்க்கப் போக வேண்டும்.