முன்பாரமும் பிரேக்கும்

எஸ்.யூ.வி.யின் பின்னால் கேரவனைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியது இன்ஜினின் வலுவை அல்ல, எடைக் கணக்கை. ஆஸ்திரேலியாவில் ஓடும் டொயோட்டா லேண்ட்குரூசர் 300 வண்டி 3,500 கிலோ இழுக்கும் என்பது விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும். கையேட்டில் அதற்குப் பக்கத்தில் வேறு மூன்று எண்கள் இருக்கின்றன. ஆட்களும் சாமான்களும் ஏறிய பின் வண்டியின் எடை 3,280 கிலோவைத் தாண்டக் கூடாது. வண்டியும் கேரவனும் சேர்ந்து 6,750 கிலோவுக்குள் நிற்க வேண்டும். வண்டியின் பின்னால் கேரவனை மாட்டும் உருண்டையான டோபாலில் கேரவனின் முன்முனை அழுத்தும் பாரம் 350 கிலோவுக்கு மேல் போகக் கூடாது.

வெறும் வண்டியே சுமார் 2,600 கிலோ. ஆக, அது தாங்கக்கூடியது இன்னும் 680 கிலோ. டோபாலில் அழுத்தும் 350 கிலோவும் இந்தக் கணக்கில்தான் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மீதி 330 கிலோவில் ஐந்து பேரும் பெட்டிகளும் முன்பக்கத்து இரும்புக் காப்புச் சட்டமும் அடங்க வேண்டும். 3,500 கிலோ இழுக்கும் வண்டிக்கு 2,500 கிலோ கேரவன் வாங்குபவரே விவரமானவர்.

இந்த எடைகளை ஊகிக்கக் கூடாது. மாங்காய்க் காலத்தில் சித்தூர்ப் பக்கத்துக் கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா மாங்காய் கொண்டுபோகும் டிராக்டர்கள் எடைமேடை ஏறித்தான் உள்ளே போகின்றன. அது விலைக்காகப் போடும் எடை. கேரவனையும் தண்ணீர், எரிவாயு, துணிமணி எல்லாம் ஏற்றிய நிலையில் அப்படியொரு எடைமேடையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் 100 கிலோ கூடிவிடும். வண்டியின் முன் அச்சு, பின் அச்சு, கேரவன் சக்கரங்கள் ஆகியவற்றைத் தனித்தனியாக எடைபோட்டால்தான் எங்கே பாரம் மிகுந்திருக்கிறது என்று தெரியும்.

அடுத்தது பாரத்தை அடுக்கும் முறை. மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் விளக்கம் தேவையில்லை. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் பிடரியை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். கேரவனிலும் இதே கணக்குதான், வேகம் மட்டுமே வேறு. கேரவனின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு டோபாலில் அழுத்த வேண்டும் என்பது ஆஸ்திரேலிய வழக்கம். அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் என்பார்கள். கனமான பொருள்கள் அச்சுக்கு நேர்மேலே, தரையோடு தாழ இருக்க வேண்டும். பின்சுவரில் மாட்டிய இரண்டு சைக்கிள்களும் ஒரு கருவிப்பெட்டியும் போதும், கேரவன் வால் ஆட்டத் தொடங்கிவிடும். மணிக்கு 80 கிலோமீட்டரில் அடங்கியிருக்கும் ஆட்டம் 100-இல் கட்டுமீறிப் போகலாம். அப்போது வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிப்பது ஆபத்து. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, கேரவனின் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும்.

டோபால் பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால், அங்கே அழுத்தும் பாரம் நெம்புகோல்போல முன் அச்சைத் தூக்கும். முன்சக்கரங்களின் பிடி குறையும், ஸ்டீயரிங் லேசாகும், முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். எடைப்பகிர்வுக் கம்பிகள் பொருத்தினால் அந்தப் பாரத்தின் ஒரு பகுதி முன் அச்சுக்கும் கேரவன் சக்கரங்களுக்கும் திரும்பும். கம்பிகள் டோபால் பாரத்தைக் குறைப்பதில்லை, பகிர்ந்து கொடுக்கின்றன. எல்லா வண்டிகளுக்கும் இவை ஏற்றவையும் அல்ல, தயாரிப்பாளரின் கையேடு சொல்வதைத்தான் பின்பற்ற வேண்டும்.

பிரேக்கில் ஆஸ்திரேலியச் சட்டம் தெளிவானது. 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும், டிரெய்லர் கழன்றுபோனால் தானாகவே பிரேக் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் பிடித்து நிறுத்தும் ஏற்பாடும் வேண்டும். ஓட்டுநர் கையெட்டும் இடத்தில் உள்ள சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி கேரவனின் மின்பிரேக்குக்கு எவ்வளவு வலு போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். சுமைக்கு ஏற்ப அதைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். 2,500 கிலோவுக்கு மேல் இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகள் தேவை. இணைப்பு நழுவினாலும் முன்முனை தரையில் குத்தாதபடி அவற்றைக் கீழே குறுக்காகப் போடுவார்கள்.

இதற்கெல்லாம் காரணம் மலை இறக்கத்தில் புரியும். திருப்பதி அடிவாரத்திலிருந்து திருமலை சுமார் 700 மீட்டர் உயரம். 1944-இல் திறந்த பழைய பாதை இறங்குவதற்கும், 1974-இல் வந்த பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. ஏறக் குறைந்தது 28 நிமிடமும் இறங்கக் குறைந்தது 40 நிமிடமும் ஆக வேண்டும் என்ற நேரக் கட்டுப்பாடும் உண்டு. இறங்குவதற்குத்தான் கூடுதல் நேரம் என்பது பொருள் பொதிந்த விதி. 2,500 கிலோ வண்டியும் 2,000 கிலோ கேரவனும் அத்தனை உயரம் இறங்கினால் சுமார் எட்டரை யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வெளிப்படும். இன்ஜின் அதில் ஒரு பங்கை வாங்காவிட்டால் அத்தனையும் பிரேக்குகளில் வெப்பமாக இறங்கும். அளவுக்கு மீறிச் சூடேறிய பிரேக் சரியாகப் பிடிக்காது. அதனால் சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டு வராமல், விட்டுவிட்டு அழுத்தமாகப் பிடிக்க வேண்டும்.

பலமனேர் மேட்டிலிருந்து சித்தூருக்கு இறங்கும் மொகிலி மலைப்பாதைக்கும் இது பொருந்தும். டிராக்டர்கள் இழுக்கும் வயல்வேலை டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது. மெதுவாகப் போவதே அவற்றைக் காப்பாற்றுகிறது. இறக்கத்தில் சுமை டிராக்டரை முன்னே தள்ளி, வளைவில் குறுக்காக மடக்கிவிடக்கூடும். அந்த டிரெய்லர்களுக்கும் பிரேக்கும், பின்னால் ஒளி எதிரொளிக்கும் பட்டையும் வந்தாக வேண்டும்.

இந்தியாவில் எஸ்.யூ.வி.க்குக் கொக்கி பொருத்த நினைப்பவர்கள் சட்டத்தையும் பார்த்தாக வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான், அதற்குத் தனிப் பதிவு தேவை. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதை அதன் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. தெருமுனைப் பட்டறையில் வெல்டிங் வைத்து ஒட்டிய கொக்கியை நம்பி எதையும் இழுக்கக் கூடாது. வண்டியின் சட்டத்தோடு போல்ட் போட்டு இணையும், எடை அளவு பொறித்த டோபார் என்னும் இழுவைச் சட்டம்தான் வேண்டும். பூட்டிக்கொண்டு கிளம்பிய முதல் 50 கிலோமீட்டருக்குள் ஓரம் நிறுத்தி, சக்கர நட்டுகளை முறுக்கிப் பார்த்து, கேரவனின் நான்கு சக்கர மையங்களையும் கையால் தொட்டு, எதிலாவது அளவுக்கு மீறிய சூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.