கொய்ங்ங்ங்...

மக்களே, ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதோட இன்னொரு காரணமும் இருக்கு. அதைத்தான் இன்னைக்கு சொல்லப் போறேன்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலைல தங்கமணி, "சாயந்திரம் அஞ்சு மணிக்கு ரெடியா இரு. சவுண்ட் ஹீலிங் போறோம். ரெண்டு பேருக்கும் பணம் கட்டியாச்சு"ன்னாங்க. ஆளுக்கு 1,200 ரூபாய். கோயில்ல மணி அடிச்சா காசு வாங்க மாட்டாங்களேன்னு சொல்ல வாயெடுத்தேன். பார்வையைப் பார்த்துட்டு அப்படியே முழுங்கிட்டேன்.

நான் ஒத்துக்கிட்டதுக்கு உள்ளூர வேற காரணம் இருந்துச்சு. 2023 தீபாவளி அன்னைக்கு பக்கத்து வீட்டுப் பையன் வச்ச அணுகுண்டு என் காதுகிட்ட வெடிச்சது. அன்னையிலேருந்து இடது காதுல 'கொய்ங்'னு ஒரு சத்தம். நிக்கவே இல்ல. காலேஜ்லேருந்து ஹெட்போன் மாட்டி ராஜா பாட்டை ஃபுல் வால்யூம்ல கேட்டுக்கிட்டே கோடு அடிச்ச பாவமும் சேர்ந்துதான்னு டாக்டர் சொன்னார். ஆடியோகிராம் எடுத்தா கோடு நேரா வந்து 4,000 ஹெர்ட்ஸ்கிட்ட பள்ளத்துல விழுது. உள்காதுல மயிரிழை மாதிரி செல்கள் இருக்காம். செத்தா திரும்ப முளைக்காது. காதுலேருந்து வராத சத்தத்தை மூளை தானே போட்டு நிரப்பிக்குதுன்னு சொல்றாங்க. "பழகிக்கணும் தம்பி, மாத்திரை கிடையாது"ன்னார். இதை நான் வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. கல்யாணமாகி எட்டு மாசம். காது ரிப்பேர்னு எப்படி ஆரம்பிக்கிறது?

சரி, மேட்டருக்கு வருவோம்.

திருவான்மியூர்ல ஒரு வீட்டு மொட்டை மாடி ஹால். வாசல்ல ஒரு போஸ்டர், '528 ஹெர்ட்ஸ் உங்கள் டிஎன்ஏவைச் சீர்செய்யும்'னு. எனக்குள்ள இருந்த இன்ஜினியர் முழிச்சுக்கிட்டான். ஹெர்ட்ஸ்னா ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை அதிருதுங்கற கணக்கு, அவ்வளவுதான். செகண்டுங்கறதே மனுஷன் வச்ச அளவு. செகண்டை கொஞ்சம் நீட்டி வச்சிருந்தா 528ங்கற நம்பரே வேற ஆகியிருக்கும். டிஎன்ஏவுக்கு அது எப்படித் தெரியும்?

ஆனா நடத்தினவங்க இந்த டயலாக் எதுவும் விடல. அம்பது வயசு இருக்கும். "இது வைத்தியம் இல்லப்பா. ஒரு மணி நேரம் படுத்து ஓய்வெடுக்கப் போறீங்க, அவ்வளவுதான்"னாங்க. பேஸ்மேக்கர் வச்சவங்க, வலிப்பு உள்ளவங்க, கர்ப்பமா இருக்கறவங்க இருந்தா முன்னாடியே சொல்லச் சொன்னாங்க. சத்தம் கூசுதுன்னா ஓரமாப் போய் படுக்கலாம்னாங்க. பன்னெண்டு பாய், ஆளுக்கொரு போர்வை, கண்ணுக்கு மேல ஒரு துணி.

சாமானைப் பத்தி சொல்லியே ஆகணும். ஒண்ணு கோஷி. பிரான்ஸ்ல பிரெனீஸ் மலையடிவாரத்துல செய்யறது. மூங்கில் குழாய்க்குள்ள எட்டு சின்ன உலோகக் கம்பி. நிலம், நீர், காற்று, நெருப்புன்னு நாலு விதமா சுதி வச்சு விக்கிறாங்க. இன்னொண்ணு, ஸ்டாண்டுல வரிசையா தொங்குற நீள அலுமினியக் குழாய்கள். நம்ம பக்கத்துல ஆரோவில்ல 2003ல ஆரம்பிச்ச ஸ்வரம்ங்கற இடத்துலயும் விதவிதமா இப்படிச் செய்யறாங்க.

குழாய்ல ஓட்டை போட்டிருக்கற இடத்தைப் பார்த்தேன். நுனியில இல்ல, கொஞ்சம் தள்ளி. மொத்த நீளத்துல 22.4 சதவீதத்துல ஒரு புள்ளி இருக்கு. குழாய் அதிரும்போது அடிப்படை அதிர்வுல அந்தப் புள்ளி மட்டும் ஆடாது. அங்க கயிறு கட்டினா சத்தம் செத்துப் போகாம நீளமா நிக்கும். நீளத்தைப் பாதியாக்கினா அதிர்வெண் நாலு மடங்காகும். வீணை தந்தியில ரெண்டு மடங்குதான். அடுத்த ஸ்வரமும் ரெண்டு மூணுன்னு ஒழுங்கா வராம 2.76, 5.4னு கோணலா வரும். அதனாலதான் மணிச்சத்தம் மணிச்சத்தம் மாதிரி இருக்கு. ஃபைனல் இயர்ல அரியர் வச்ச வைப்ரேஷன் பேப்பர், இங்க வந்து புரிஞ்சுது.

படுத்தாச்சு. முதல் பத்து நிமிஷம் மூக்கு அரிச்சது, திங்கக்கிழமை ரிலீஸ் ஞாபகம் வந்தது. பக்கத்துப் பாய்ல ஒரு அங்கிள் குறட்டையை ஸ்டார்ட் பண்ணிட்டார். அதுவும் ஒரு ஹீலிங்தானே. அப்புறம் கோஷி தலைமாட்டுல வந்து மெதுவா கால் பக்கம் போச்சு. குழாயைத் தட்டினப்போ சத்தம் நெஞ்சுக்குள்ள இறங்குன மாதிரி இருந்துச்சு. எங்கயோ யாரோ மூக்கை உறிஞ்சற சத்தம். அழுகை வரும், வந்தா அடக்காதீங்கன்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. நேரம் போனதே தெரியல.

கடைசில அந்தம்மா சொன்னாங்க: "இப்ப ஒரே ஒரு தடவை தட்டுவேன். சத்தம் முழுசா நின்னதும் கண்ணைத் திறக்காம கையைத் தூக்குங்க."

டிங்ங்ங்...

முதல்ல மேல் ஸ்வரம் கரைஞ்சுது. அடி ஸ்வரம் நின்னுது. அது மெலிஞ்சு, மெலிஞ்சு... துணி உரசற சத்தம் கேட்டுச்சு, ஒவ்வொருத்தரா கையைத் தூக்கறாங்க. எனக்கு மட்டும் நிக்கவே இல்ல. குழாய் எங்க முடிஞ்சுது, என் காது எங்க ஆரம்பிச்சுதுன்னு தெரியல. கையைத் தூக்க முடியாம படுத்திருந்தேன். துணிக்கு அடியில கண்ணு நனைஞ்சது.

ஒண்ணு உண்மை. கொய்ங் குறையல. ஆனா அது வந்த நாள்லேருந்து முதல் தடவையா அதைக் கேட்டு எரிச்சல் வரல. மணியோட வாலைப் பிடிச்சுக்கிட்டு வந்ததால, அதுவும் இன்னொரு சத்தம், அவ்வளவுதான்னு தோணிச்சு.

வெளிய வந்ததும் தங்கமணி கேட்டாங்க, "எல்லாரும் தூக்கிட்டாங்க, நீ மட்டும் ஏன் தூக்கல? தூங்கிட்டியா?"

கண்ணை மூடிக்கிட்டு இருக்கணும்னு சொன்னா எட்டிப் பார்த்திருக்காங்க, பாருங்க. ஆமான்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். பைக்கை ஸ்டார்ட் பண்ணாம எல்லாத்தையும் சொன்னேன். அணுகுண்டு, பள்ளம், டாக்டர், எல்லாம்.

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அதனாலதான் மார்கழியிலயும் ஃபேனை அஞ்சுல வைக்கறியா?"

"ம்."

"நான் குளுர்ல நடுங்கிக்கிட்டு கிடந்தேன். லூசு, சொல்லியிருக்கலாம்ல?"

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். 2017ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகக்காரங்க 62 பேரை வச்சு, பாடும் கிண்ணம் வச்ச இதே மாதிரி ஒரு செஷன் பத்தி ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. டென்ஷன், சோர்வு குறைஞ்சுதுன்னு வந்திருக்கு. ஆனா சும்மா படுத்திருந்த இன்னொரு குரூப்பை வச்சு ஒப்பிடல. அதனால மணி வேலை செஞ்சுதா, ஒரு மணி நேரம் போன் இல்லாம படுத்தது வேலை செஞ்சுதான்னு சொல்ல முடியாது. என் கேஸ்லயும் அதே டவுட்தான். மணியா, இல்ல பார்க்கிங்ல பேசினதா?

போறவங்க வயிறு முட்ட சாப்பிட்டுப் போகாதீங்க. முடிஞ்சதும் டக்குனு எந்திரிக்காதீங்க, தலை சுத்தும். அற்புதம் எதிர்பார்க்காதீங்க. நல்ல ஓய்வு நிச்சயம் கிடைக்கும்.

அன்னைக்கு ராத்திரி ஃபேனை அவங்களே அஞ்சுல வச்சாங்க. போர்வையை ரெண்டா மடிச்சுப் போத்திக்கிட்டு படுத்தாங்க.

வர்ட்டா?

டிஸ்கி: திடீர்னு ஒரு காது கேட்காம போனா, மணி, கிண்ணம்னு எங்கயும் போகாதீங்க. அன்னைக்கே காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட ஓடுங்க. நாள் கடத்தினா திரும்பி வர்ற வாய்ப்பு குறைஞ்சுக்கிட்டே போகும்.