ஆலயம் என்பது யார்?

தமிழ்க் கிறித்தவர் தம் வழிபாட்டிடத்தைக் கோவில் என்றும் ஆலயம் என்றும் வழங்குவர். அங்கே வழிபடுவோரின் கூட்டத்தைச் சபை அல்லது திருச்சபை என்பர். ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் ஒரே சொல்லே குறிக்கின்றது. இவ்வகையில் தமிழ் வழக்கு புதிய ஏற்பாட்டுக்கு அணித்தாயுள்ளது. ‘எக்லேசியா’ என்னும் கிரேக்கச் சொல் அந்நூலில் ஓரிடத்தேனும் கட்டடத்தைக் குறிப்பதில்லை. கூடிவந்த மக்களையே குறிக்கின்றது. சொல்லளவில் நாம் காத்துவந்த இவ்வேறுபாட்டை வாழ்வளவிற் காத்தோமா என்பது என்னைப் பல காலமாக உறுத்தும் வினா.

இறைவன் ஓரிடத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்ற உணர்வு இசுரவேல் மக்களிடத்துத் தொன்றுதொட்டே இருந்தது. பாலைநிலப் பயணத்தில் அவர்களுடைய திருவிடம் ஒரு கூடாரமே. மக்கள் நடந்தபோது அதுவும் உடன் நடந்தது. பின்னர் எருசலேமிலே பெருங்கோவில் எடுத்த சாலமோன் மன்னனும், வானமே கொள்ளாத ஒருவரை இக்கட்டடம் எவ்வாறு கொள்ளும் என்னும் கருத்துப்பட அதன் அர்ப்பணிப்பு நாளில் மன்றாடினான். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனியர் அக்கோவிலை அழித்தனர். நாடுகடத்தப்பட்டோரிடையே வாழ்ந்த எசேக்கியேல், இறைமாட்சி அக்கோவிலைவிட்டு நீங்குவதைக் காட்சியிற் கண்டார்.

மீண்டும் எழுப்பப்பட்டு, ஏரோது மன்னனால் விரிவாக்கப்பட்ட எருசலேம் கோவிலின் அமைப்பு நம் சிந்தனைக்குரியது. வெளிமுற்றத்துக்கு எவரும் வரலாம். அதற்கப்பால் ஒரு தாழ்ந்த கற்சுவர். அதனைக் கடக்கும் புறவினத்தார் தம் சாவைத் தாமே தேடிக்கொள்வர் என எச்சரிக்கும் கிரேக்கக் கல்வெட்டு ஒன்று 1871இல் அங்கே கண்டெடுக்கப்பட்டது. சுவருக்கப்பால் பெண்களுக்கு ஓர் எல்லை, ஆண்களுக்கு ஓர் எல்லை, குருக்களுக்கு ஓர் எல்லை. எல்லாவற்றுக்கும் உள்ளே, திரைக்குப் பின்னாலிருந்த கருவறைக்குள் தலைமைக் குரு மாத்திரம் ஆண்டில் ஒருநாள் நுழைவார்.

அக்கோவில் உரோமராற் கி.பி. 70இல் அழிக்கப்பட்டது. அதற்கு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் முன்னதாக, அது முழுப் பொலிவுடன் நின்ற காலத்திலேயே, பவுல் கொரிந்து நகரத்தவர்க்குத் தமது முதலாம் திருமுகத்தை எழுதினார். இறைவனுடைய ஆலயம் அவர்களே என்றும், இறை ஆவியார் அவர்களுள்ளே குடியிருக்கின்றார் என்றும் அதிற் கூறினார். ஆகவே இது கோவிலை இழந்தோர்க்குச் சொன்ன ஆறுதலாகாது. கிரேக்க மொழியிற் கோவில் வளாகம் முழுவதையும் ‘ஹியெரோன்’ என்பர். இறைவன் உறையும் உள்ளிடத்தை ‘நவோஸ்’ என்பர். பவுல் ஆண்ட சொல் நவோஸ். அதனைக் கேட்டவர்களிற் பலர் புறவினத்தார். அடிமைகளும் அவர்களுள் இருந்தனர். எருசலேமிற் கற்சுவரைத் தாண்டினாற் கொலைக்குரியவர்களாகிய இவர்களையே அவர் கருவறை என்றார். பின்னாளில் அதே சுவருக்கப்பாற் கிரேக்கரை அழைத்துச் சென்றார் என்ற பழியே அவர் கைதாவதற்குக் காரணமாயிற்று எனத் திருத்தூதர் பணிகள் கூறும்.

பூசலார் நாயனார் தம் நெஞ்சத்துள்ளே கோவில் எடுத்த வரலாற்றைப் பெரியபுராணத்திற் கற்ற நமக்கு, உள்ளத்தில் இறைவன் உறைதல் என்னுங் கருத்துப் புதிதன்று. ஆயின் நாயனாரின் கோவில் ஒருவருடைய அகத்தே எழுந்தது. பவுலோ ‘நீங்கள்’ எனப் பன்மையிற் கூறிப் பலரையும் ஓர் ஆலயம் என ஒருமையில் முடிக்கின்றார். உடலும் தூய ஆவியாரின் ஆலயமே என அவர் வேறோரிடத்துக் கூறுவது உண்மைதான். எனினும், ‘என் உள்ளமே கோவில், எனக்கு எவருந் தேவையில்லை’ என்பார்க்கு அவரிடம் ஆதரவில்லை. கொரிந்தியர் ஆண்டவரின் விருந்துக்குக் கூடியபோது வசதியுள்ளோர் முன்னரே உண்டு களிக்க, இல்லாதோர் பசித்திருந்தனர். அதே திருமுகத்தில் அவர் மிகக் கடிந்துரைத்த குற்றங்களுள் இதுவும் ஒன்று.

இக்கருத்தின் வலிமைக்கு நம் நாட்டு வரலாறும் சான்று தரும். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்க வழிபாடு தடுக்கப்பட்டது, குருமார் வெளியேற்றப்பட்டனர், ஆலயங்கள் சீர்திருத்தச் சபையாரின் வழிபாட்டுக்கும் பள்ளிகளுக்கும் உரியவாயின. 1687இற் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்தார். 2015இற் புனிதராக உயர்த்தப்பெற்றவர் அவரே. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவும் ஆலயமும் இன்றியிருந்த மக்களிடையே விசுவாசம் உயிரோடிருக்கக் கண்டார். கட்டடங்கள் ஒல்லாந்தர் கையிலிருந்தன. திருச்சபை குடிசைகளில் இருந்தது.

அங்ஙனமாயின் கட்டடம் எதற்கு என ஒருவர் கேட்கலாம். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கவும், ஒன்றுகூடவும், இறந்தோரை நினைக்கவும் மனிதர்க்கு ஓர் இடம் வேண்டும். போரில் இடிந்த ஆலயங்களை மக்கள் தம் வீட்டுக் கூரைக்கு முன்னரே திருத்த விழைந்தமையை அறியாமை எனத் தள்ளிவிட முடியாது. ஆனால் கட்டடம் தன்னோடு எதனைக் கொண்டுவருகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். 2009இற் செட்டிகுளத்து முகாமில் எம்மூரவர் தறப்பாளின் கீழ் ஞாயிறு வழிபாடு நடத்தியதை என் அம்மம்மா சொல்வார். அங்கே வாங்குகள் இல்லை. எல்லோரும் மண்ணிலேயே இருந்தார்கள். ஊரில் என்றும் பின்வரிசையில் இருந்த குடும்பங்கள் அவருக்கு அருகே இருந்து செபித்தன. ஒரே செம்பிலே தண்ணீர் குடித்தார்கள். ஊர் திரும்பி ஆலயம் திருத்தப்பெற்று வாங்குகளும் வந்தன. “வாங்குகளோடு பழைய இடங்களும் வந்துவிட்டன, பிள்ளை” என்பார் அவர். எவரும் எதுவும் சொல்லவில்லையாம். அவரவர் போய்த் தத்தம் இடத்தில் இருந்துகொண்டார்களாம். இப்போதும் அங்ஙனமே இருக்கின்றார்கள்.

எருசலேமின் கற்சுவரில் எச்சரிக்கை எழுதிவைக்க வேண்டியிருந்தது. நம் சுவருக்கு எழுத்தும் வேண்டியதில்லை. சாதி அதனை எல்லோர்க்கும் மனப்பாடமாக்கியுள்ளது. பின்வரிசையில் இருப்பவரும் கருவறையே என்பது பவுலின் போதனையானால், அவரைப் பின்னே இருத்துவோர் எந்தத் தெய்வத்தை வணங்க முன்னே செல்கின்றனர்? வெள்ளையடித்த சுவர்களுக்கும் உயர்ந்த மணிக்கூண்டுகளுக்கும் நாம் நிதி திரட்டுகின்றோம், அது தவறன்று. அடுத்த ஞாயிறு முன்வரிசையார் எழுந்து பின்னே சென்று இருப்பதற்கு நிதி எதுவும் வேண்டியதில்லை. அதனைச் செய்யும் நாளிலேதான் இறைவன் நம்முள் உறைகின்றார் என்று கூறும் உரிமை நமக்கு உண்டாகும்.