கூட வர ஓர் ஆள்

2025 ஜனவரி 12, ஞாயிறு. மூதூர்.

ஆண்டவரின் திருமுழுக்கு விழா. பூசை முடிந்ததும் பங்குத்தந்தை கூப்பிட்டார். சம்பூரில் போர்க்காலத்தில் பிள்ளைகளைத் தொலைத்துவிட்டுத் தனித்திருக்கும் தாய்மாரைக் கிழமைக்கு ஒருதரம் போய்ப் பார்க்க வேண்டுமாம், பொறுப்பு எனக்காம்.

"எனக்குப் பேச வராது பாதர். படிச்ச ரீச்சர்மார் எத்தனை பேர் இருக்கிறாங்க" என்றேன்.

"செபிச்சுப் பாத்திட்டுச் சொல்லுங்க, பிள்ளை" என்றார்.

செத்த வீட்டில்கூட மூலையில் இருந்துவிட்டு எழும்பி வருகிறவள் நான். இத்தனை வருசமாக மகனைத் தேடும் தாயிடம் என்ன சொல்வேன்? அது பத்திரகாளியம்மனைக் கும்பிட்டு வளர்ந்த ஊர். வேதக்காரி மதம் மாற்ற வருகிறாள் என்று நினைத்தால்?

ஜனவரி 13, இரவு.

விடுதலைப் பயண நூலில் மோசேயின் அழைப்பை வாசித்தேன். நாக்குத் திக்கும் என்கிறார், கடைசியில் வேறு யாரையாவது அனுப்பும் என்றே கேட்டுவிடுகிறார். கடவுளுக்குக் கோபம் வருகிறது. ஆனாலும் அழைப்பு அழைப்புத்தான். மோசேயின் நாக்கை அவர் குணமாக்கவில்லை. உனக்குத் திறமை இருக்கிறது என்று தேற்றவும் இல்லை. நான் உன்னோடு இருப்பேன் என்கிறார், அண்ணன் ஆரோனைத் துணைக்கு விடுகிறார். கிதியோனுக்கும் எரேமியாவுக்கும் அதே வாக்குத்தான். என் தகுதியைப் பற்றி நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவரோ துணையைப் பற்றிப் பேசுகிறார்.

ஜனவரி 14, தைப்பொங்கல்.

பக்கத்து வீட்டு அக்கா சம்பூரில் பிறந்தவர், சைவக்காரர். பொங்கலுக்குத் தாய்வீடு போகிறேன், வா என்றார். கட்டைபறிச்சான் பாலம் தாண்டிப் போனோம்.

2006 ஏப்ரலில் குண்டு விழ ஓடிய சம்பூர்ச் சனம், வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து கிளிவெட்டி முகாமில் வருசக்கணக்காகக் கிடந்தது. அவர்களின் காணியை உயர் பாதுகாப்பு வலயம் என்றார்கள், அனல்மின் நிலையம் என்றார்கள். 2015இல் 818 ஏக்கர் திரும்பியது. கடற்படை முகாம் நின்ற காணி 2016இல்தான் கிடைத்தது. காணி வந்தது, பிள்ளைகள் வரவில்லை.

அக்காவின் சின்னம்மா புக்கை தந்தார். பிறகு காணாமல்போன மகனின் படத்தை எடுத்து வந்தார். லேமினேட் செய்தது, கூட்டத்துக்கெல்லாம் தூக்கித் தூக்கி ஒரு மூலை பிரிந்து, அதற்குள் தண்ணீர் போய், சட்டைக் கொலர் வெளிறியிருந்தது.

"காணாமல்போன ஆக்களைப் பற்றி விசாரிக்கிற ஆணைக்குழுவில முதல்நாள் கதைக்கக் கூப்பிட்டாங்க பிள்ளை. எனக்குக் கையெழுத்தே வராது, கால் நடுங்கிச்சு. பக்கத்துல இருந்தவ எழும்பி வந்து என்ர கையைப் பிடிச்சா. பிறகு கதைச்சன்."

அப்படிக் கையைப் பிடித்தவரின் மகனும் இல்லை என்று அக்கா பிறகு சொன்னார்.

ஜனவரி 16, வியாழன்.

புனித யோசப் வாஸ் திருநாள். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கினார். கோவாவில் 1651இல் பிறந்த குரு. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். வந்ததும் வயிற்றோட்டத்தில் விழுந்தார். கண்டியில் உளவாளி என்று சிறை வைத்தார்கள். அதே கண்டியில் 1697இல் அம்மை பரவியபோது, மற்றவர்கள் கைவிட்ட நோயாளிகளைத் தன் கையால் பராமரித்தார். ஆயர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றவர். தன்னைச் சிறியவராக எண்ணியது பதவியைத்தான் மறுக்கவைத்தது. பணியிலிருந்து அவரைப் பின்வாங்க வைக்கவில்லை. அவரும் தனியே வரவில்லை. ஜான் என்ற இளைஞர் கோவாவிலிருந்து கூடவே வந்தார்.

பூசைக்குப் பிறகு பாதரிடம் ஓம் என்றேன். பக்கத்து வீட்டு அக்காவும் வருவார் என்று சொன்னேன். நேற்றே கேட்டுவிட்டேன், அவருக்குச் சந்தோசம். சைவக்காரர் என் ஆரோனாக வருவதில் பாதருக்கும் மறுப்பில்லை. அந்த வாசலில் நான் யாருடைய சாமியையும் மாற்றப் போவதில்லை. என் ஆண்டவர் அனுப்பியதால் போகிறேன், அவ்வளவுதான்.

நடுக்கம் இன்னும் இருக்கிறது. அது போகட்டும் என்று நான் காத்திருக்கலாம்; அந்தத் தாய்மாரின் வயது காத்திருக்காது. வருகிற செவ்வாய் காலை புறப்படுகிறோம்.