மகளை எங்கே சேர்ப்பது?

"மகளை நுவரெலியாவில் சர்வதேசப் பாடசாலையொன்றில் சேர்க்கட்டுமா, அண்ணே?" என்று கேட்டார் கந்தப்பளைத் தோட்டத்து நண்பர்.

இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களில்தான். தாமதமாய்க் கிடைத்ததை எளிதில் விட்டுவிடலாகாது. சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவானவை. பல இலண்டன் பரீட்சைகளுக்கே பிள்ளைகளைத் தயார்செய்கின்றன. நம் அரச பல்கலைக்கழகங்களோ உள்ளூர் உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றையே பொதுவாகக் கேட்கின்றன.

மூன்று கேள்விகளை அவர்முன் வைத்தேன். கொழுந்து குறையும் மாதங்களிலும் கட்டணம் கட்ட முடியுமா? அங்கே எந்தப் பரீட்சை? இரவில் அவளது கொப்பியைத் தாய் வாசித்துப் புரிந்துகொள்வாளா?

மூன்றாவதற்கு அவர் நெடுநேரம் பேசவில்லை.

ஆங்கிலம் அவசியமே. தமிழ்ப் பாடசாலையில் இருத்தி, மாலையில் ஆங்கில வகுப்புக்கு அனுப்புவதே என் யோசனை. முடிவு பெற்றோருடையது.